குரல் போன குருவானவர்

அந்த ஆலயத்துக்குக் குருவாக வந்த புதிதிலேயே ஊரார் அவருக்கு ‘வெண்கலம்’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். ஆங்கிலிக்கன் திருச்சபையின் பெரிய ஆலயம் அது. கல்தூண்களுக்குப் பின்னால் உட்கார்ந்தால் பிரசங்கம் காதில் விழாது. அதனால் தூங்க நினைப்பவர்கள் முந்திக்கொண்டு அங்கேதான் இடம் பிடிப்பார்கள். இவர் மேடையேறிய முதல் ஞாயிறன்று தூணுக்குப் பின்னால் இருந்த பெரிய மனிதர்கள் திடுக்கிட்டு விழித்துக்கொண்டார்களாம். “அந்தாளு குரல் தூணைச் சுத்திக்கிட்டு வருதுப்பா” என்று வாசலில் நின்று பேசிக்கொண்டார்கள்.

நான் அவரைப் பார்த்ததில்லை. நீராவியில் மில்கள் ஓடிய காலத்து மனிதர் அவர். அவருடைய கடைசிச் சபையில் இருந்தவள் என் பெரியம்மா. அவள் சொன்னதையும், குருவானவரின் மனைவி பின்னாளில் அவளிடம் சொன்னதையும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

அவருடைய அப்பா கப்பல் பட்டறையில் தச்சர். மகனும் உளி பிடிப்பான் என்று நினைத்திருந்தார். பையனோ பாடகர் குழுவில் பாடப் போய், பாடிய குரல் பேராயரின் காதில் விழுந்து, இறையியல் கல்லூரிக்குப் போகிறேன் என்று வந்து நின்றான். அப்பாவுக்குக் கோபம் தாங்கவில்லை.

“கட்டையில ஆணி அடிச்சா நிக்கும். வார்த்தையில எதைடா அடிப்பே?” என்று கேட்டார். ஆனாலும் மகன் கிளம்பும்போது, துணிமணி வைத்துக்கொள்ள நல்ல மரத்தில் ஒரு பெட்டி செய்து கொடுத்தார்.

கல்லூரி முடிந்து உதவிகுருவாக ஒரு மருத்துவமனைச் சிற்றாலயத்தில் கொஞ்ச காலம் இருந்தார். அங்கேதான் கல்யாணம். மனைவி சின்னப் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியை. மெலிந்த உருவம், வாய் மட்டும் கூர்மை. பெரிய ஆலயத்துக்கு மாற்றலாகி, அவர் புகழ் பரவி, வேறு சபைக்காரர்கள்கூட வண்டி கட்டிக்கொண்டு வந்து கேட்கத் தொடங்கியபோது அந்த அம்மா சொன்னாராம்: “உங்க குரல் ஊருக்கே கேக்குது. வீட்டுல நான் சொல்றது மட்டும் உங்களுக்குக் கேக்க மாட்டேங்குது.”

சிரிப்புக்காகச் சொன்னதுதான். ஆனால் அதில் உண்மை இல்லாமல் இல்லை. சனிக்கிழமைகளில் கண்ணாடிக்கு முன்னால் நின்று எந்த இடத்தில் குரலை ஏற்ற வேண்டும், எங்கே இறக்க வேண்டும் என்று பழகுவார். அடக்க ஆராதனையில் அவர் பேசினால் அழாதவர் இருக்க மாட்டார்கள். அதே மனிதர், அந்தச் செத்துப்போனவர் படுக்கையில் கிடந்த நாட்களில் போய்ப் பார்த்தது குறைவு. போனாலும் கதவோரம் நின்று ஒரு ஜெபம் சொல்லிவிட்டுக் கிளம்பிவிடுவார். கெட்ட மனிதர் அல்ல. மேடையில் இருக்கும்போதுதான் தான் முழு மனிதன் என்ற நினைப்பு அவருக்கு. தலைமைப் பேராலயத்துக்கு அடுத்த குரு அவர்தான் என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள். அவரும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தார்.

முதலில் தொண்டை கம்மியது. குளிர்காற்று என்றார்கள். மிளகும் தேனும் சாப்பிட்டார். கம்மல் போகவில்லை. ஒருநாள் பிரசங்கத்தின் உச்சத்தில் குரல் கிழிந்து, பாதிச் சொல் உள்ளேயே நின்றுவிட்டது. தொண்டை வைத்தியர் சின்னக் கண்ணாடியை வாய்க்குள் விட்டுப் பார்த்துவிட்டு, அதைத் துடைத்து வைத்தார்.

“ஒரு கட்டி இருக்கு. எடுத்தாகணும்” என்றார் அப்புறம்.

“எடுத்தா குரல்?”

“எடுக்கலேன்னா ஆளே இல்ல ஐயா.”

கட்டியை எடுத்தார்கள். உயிர் பிழைத்தது. கட்டுப் பிரித்த அன்று மனைவியைக் கூப்பிட வாயைத் திறந்தார். காகிதத்தைக் காகிதத்தில் தேய்த்தது போல ஒரு சத்தம் வந்தது. கட்டில் அருகில் குனிந்தால் கேட்கும். நிமிர்ந்தால் கேட்காது. அவ்வளவுதான் இனிமேல் என்றார் வைத்தியர்.

அவர் நம்பவில்லை. உடம்பு தேறியதும் ஒரு ஞாயிறு அங்கியைப் போட்டுக்கொண்டு மேடை ஏறிவிட்டார். ஆலயம் நிறைந்திருந்தது. அவர் பேசினார். ஜனங்கள் கழுத்தை நீட்டிப் பார்த்தார்கள், ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள், இருமினார்கள். பின்னாலிருந்து ஒரு கிழவர், விவரம் தெரியாதவர், “சத்தமா!” என்று கூவினார். குருவானவர் மேடைக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இறங்கி வந்தார். வீட்டுக்கு வந்து அங்கியைக் கழற்றி நாற்காலியில் போட்டார். அப்புறம் பல வாரம் ஆலய வாசலுக்கே போகவில்லை. மனைவி பக்கத்தில் உட்கார்ந்து ஏதாவது தைத்துக்கொண்டிருப்பார்.

பேராயர் கூப்பிட்டனுப்பினார். இளகிய மனம்தான் அவருக்கு. எப்படிச் சொல்வது என்று தெரியாமல் மேஜைமேல் இருந்த மைக்கூட்டை நகர்த்தி நகர்த்தி வைத்தாராம்.

“ஓய்வு வாங்கிக்கிறதுன்னா வாங்கிக்கலாம். இல்லேன்னா மில் சபை ஒண்ணு காலியா இருக்கு. அங்க யாரும் பிரசங்கம் கேக்கறதுக்குன்னு வர்றதில்ல. திருவிருந்து கொடுங்க, ஞானஸ்நானம் கொடுங்க, செத்தா அடக்கம் பண்ணுங்க. அது போதும் அங்க.”

ஆறுதலாகத்தான் சொன்னார். கேட்டவருக்கு அது முகத்தில் அறைந்தது போல இருந்தது. ஆனாலும் தலையாட்டினார். வீட்டில் சும்மா உட்கார்ந்திருப்பதை அவரால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

மில் சபை ஊரின் கடைக்கோடியில் இருந்தது. ஒன்றையொன்று ஒட்டித் தொழிலாளர் வீடுகள், நடுவில் குறுகலான தெரு, தெருக்கோடியில் புகைபோக்கி. குருவானவர் குடியிருக்கக் கொடுத்த குருமனையின் சமையலறையில் தட்டுகள் அலமாரிக்குள் எந்நேரமும் மெல்ல நடுங்கிக்கொண்டிருந்தன. மில்லில் தறி நிற்கும்போதுதான் அந்த நடுக்கம் நிற்கும். பஞ்சுத் துகள் ஜன்னல் விளிம்பில், ரொட்டியில், ஜெபப்புத்தகத்தின் பக்கங்களுக்கு நடுவில் எல்லாம் படிந்தது. ஆலயம் சின்னது. அதற்குப் பின்னால் கல்லறைத் தோட்டம். கல்லறைத் தோட்டத்தின் கடைசி எல்லை, தறிக்கூடத்தின் மேற்குச் சுவர்தான். மில் முதலாளி போட்டுக்கொடுத்த கூரைதான் ஆலயத்துக்கும். ஞாயிறுதோறும் முன்வரிசையில் அவர் குடும்பத்தோடு உட்காருவார்.

முதல் ஞாயிறு. இவர் எதையும் எதிர்பார்க்காமல் ஆராதனையைத் தொடங்கினார். தன் கிசுகிசுப்பில் ஜெபப்புத்தகத்தை வாசித்தார். சபை பதில் சொல்ல வேண்டிய இடம் வந்தது. பின்வரிசைப் பெண்கள், ஆலயமே அதிர, சரியான இடத்தில் சரியான பதிலைச் சொன்னார்கள். மனப்பாடமாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டார். பிரசங்க நேரம் வந்தது. யாருக்குக் கேட்கப் போகிறது என்ற கசப்பில் ஏதோ பேசிக்கொண்டிருந்தவர், நடுவில் தனக்குத்தானே முணுமுணுப்பது போலச் சொன்னார்: “இந்தத் தொண்டைக்கு என் மனைவிதான் ரொம்ப நன்றி சொல்றா. இப்பத்தான் வீட்டுல அவ பேச்சு எடுபடுது.”

கடைசி வரிசை சிரித்தது. முன்வரிசையில் முதலாளி எதற்குச் சிரிக்கிறார்கள் என்று தெரியாமல் திரும்பிப் பார்த்தார்.

குருவானவர் கடைசி வரிசையை உற்றுப் பார்த்தார். பிறகு, சோதித்துப் பார்ப்பதற்காக, இன்னும் மெல்ல, சத்தமே வராமல் உதட்டை மட்டும் அசைத்து, “நான் பேசறது உங்களுக்குக் கேக்குதா?” என்றார். பின்னாலிருந்த பெண்கள் எல்லாம் ஒன்றாகத் தலையாட்டினார்கள்.

ஆராதனை முடிந்து வாசலில் நின்றபோது குட்டையாக ஒரு பெண் வந்தாள். வயது முப்பதுக்குள் இருக்கும். வேகமான நடை, வேகமான கண். ‘குருவி’ என்று கூப்பிடுவார்கள். நோயாளித் தாயோடு தனியாக இருப்பவள். பக்கத்தில் கல்யாணமாகாத இளம்பெண்ணாக என் பெரியம்மா.

“எங்களுக்குக் காது வேணாம் ஐயா” என்றாள் குருவி. “உள்ள தறி ஓடறப்ப இடியே விழுந்தாலும் தெரியாது. எல்லாம் உதட்டுப் பேச்சுதான். அந்தக் கோடியில இருக்கறவகிட்ட இந்தக் கோடியிலேருந்து சண்டையே போடுவோம்.”

“எனக்கு முன்னால இருந்த ஐயா?”

“அவரு நல்லவரு. ஆனா தாடி ஐயா. வாயே தெரியாது. பாவம், அவரு என்ன சொன்னாருன்னு கடைசி வரைக்கும் எங்களுக்குத் தெரியாமலே போச்சு.”

அன்று வீட்டுக்கு வந்து சாப்பாட்டைத் தொடாமல் நெடுநேரம் உட்கார்ந்திருந்தார் என்று அவர் மனைவி சொல்லியிருக்கிறார். கண்ணில் நீர் வந்ததாம். மறுநாள் காலை தாடையை ஒழுங்காகச் சவரம் செய்துகொண்டு, முதலாளியிடம் அனுமதி கேட்டு, தறிக்கூடத்துக்குள் போனார்.

பெண்கள் அவர் உதட்டைப் படித்தார்கள். அவருக்கு அவர்கள் உதட்டைப் படிக்கத் தெரியவில்லை. அது நியாயமாகப் படவில்லை அவருக்கு. வாரம் தவறாமல் போய்த் தறிகளுக்கு நடுவில் நின்றார். குருவி, நூல் அறுந்தால் முடிச்சுப் போட்டுக்கொண்டே, பேசிக் காட்டுவாள். முதலில் அவர் பிடித்ததெல்லாம் தப்பு. ‘பால் வாங்கணும்’ என்றதை ‘மாலை வாங்கணும்’ என்று எடுத்துக்கொண்டு, யாருக்கு என்று கேட்டார். கூடமே சிரித்தது. ‘ப’வுக்கும் ‘ம’வுக்கும் உதடு ஒரே மாதிரிதான் மூடும். அதனால் குழப்பம் வரும் என்று தெரிந்தால் ‘ம’ சொல்லும்போது விரலால் மூக்கைத் தொட்டுவிடுவது அந்தப் பெண்களின் வழக்கம். அதையும் கற்றுக்கொண்டார்.

கற்றுக்கொண்டதில் பெண்களுக்கு ஒரு நஷ்டமும் இருந்தது. ஒருநாள் பிரசங்கத்தின் நடுவில் நிறுத்தினார். “கடைசி வரிசையில மருமகளைப் பத்திப் பேசி முடிச்சதும் நான் தொடர்றேன்” என்றார். பெரியம்மா சிரித்துச் சிரித்து முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டாளாம்.

தறிக்கூடத்துக்கு வெளியே வேலை செய்பவர்களுக்கு, கொதிகலன்காரருக்கும் வண்டிக்காரர்களுக்கும், உதட்டுப் பேச்சு தெரியாது. அவர்களுக்காக அவர் மனைவி முன்னால் உட்கார்ந்து ஒவ்வொரு வாக்கியமாக உரக்கச் சொன்னார். சில சமயம் தன் கருத்தையும் ஒன்றிரண்டு சேர்த்துக்கொண்டார் என்று சந்தேகம். குருவானவர் திரும்பிப் பார்ப்பார். அந்த அம்மா முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொள்வார்.

அவர் மாறிப்போனது நோயாளிகள் வீட்டில்தான். முன்பு கதவோரம் நின்றவர், இப்போது பேச வேண்டுமானால் படுக்கைமேல் குனிந்துதான் ஆக வேண்டும். குனிந்தால் உடனே எழுந்துவர முடியாது. வயதான நெசவாளிகள் பலருக்குக் காது அடியோடு போயிருந்தது. வீட்டில் அவர்களிடம் யாரும் பேச மாட்டார்கள். கத்தி அலுத்துப்போய் விட்டுவிட்டார்கள். இவர் ஒருவர்தான் எதிரில் உட்கார்ந்து, வெளிச்சம் தன் முகத்தில் விழும்படி நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு, சாவகாசமாகப் பேசுவார். ஒரு கிழவர் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, “இந்த வீட்டுல நானும் இருக்கேன்னு இன்னைக்குத்தான் தெரிஞ்சுது” என்றாராம். மனைவியிடம் அதைச் சொன்ன அன்று குருவானவர் இன்னொன்றும் சொன்னார்: “அந்தப் பெரிய கோயில்ல நான் இத்தனை வருஷம் என்ன பண்ணிட்டிருந்தேன்?”

அப்படியே சில வருடம் ஓடியது. பிறகுதான் தீ.

கோடைக்காலம், மத்தியானச் சாப்பாடு முடிந்து தறிகள் மறுபடி ஓடத் தொடங்கியிருந்தன. தறிக்கூடத்தின் ஒரே கதவு கிழக்குப் பக்கம். அதை ஒட்டிப் பஞ்சுக் கிடங்கு. அங்கே எப்படிப் பிடித்தது என்று யாருக்கும் தெரியாது. கொதிகலன்காரர் அபாயம் என்று தெரிவிக்க மில்லின் நீராவிச் சங்கின் கம்பியை இழுத்தார். இழுத்த கம்பி சிக்கிக்கொண்டது. சங்கு நிற்காமல் அலற ஆரம்பித்தது. பக்கத்தில் நிற்பவர் வாயைத் திறந்து கத்தினாலும் கேட்கவில்லை.

குருவானவர் ஆலயத்திலிருந்து ஓடிவந்தார். கிழக்கு முற்றத்தில் ஆண்கள் வாளியும் கையுமாகத் திக்குத் தெரியாமல் ஓடிக்கொண்டிருந்தார்கள். கதவை நெருங்க முடியவில்லை, அனல். அவர் சந்து வழியாகச் சுற்றிக்கொண்டு வடக்குப் பக்கம் போனார். அங்கே முகத்தளவு உயரத்தில் ஜன்னல்கள், கெட்டியான இரும்புக் கம்பிகள். கம்பிக்குப் பின்னால் குருவியின் முகம்.

அவள் கத்தவில்லை. தறிக்கு நடுவில் பேசுவது போலவே, உதட்டைத் தெளிவாக அசைத்துப் பேசினாள்.

“கதவு திறக்கலை. மேஸ்திரி வெளியில பூட்டிட்டான். சாப்பாட்டுக்கு அப்புறம் பூட்டினதை நான் பாத்தேன்.” ‘பூட்டிட்டான்’ என்றபோது மணிக்கட்டைத் திருகிக் காட்டினாள்.

தறியை விட்டுவிட்டுப் பெண்கள் வெளியே போய் நேரத்தை வீணாக்குகிறார்கள் என்று சில நாட்களாகவே அப்படிப் பூட்டத் தொடங்கியிருந்தார்கள்.

குருவானவருக்குக் கல்லறைத் தோட்டம் நினைவுக்கு வந்தது. மேற்குச் சுவரில், அந்தப் பக்கத்திலிருந்து பார்த்தால், ஒரு பழைய வாசலின் வளைவு தெரியும். எப்போதோ செங்கல் வைத்து அடைத்தது. அந்த இடம் மட்டும் ஒற்றைச் சுவர்.

“மேற்குக் கோடி” என்றார் உதட்டால். “கல்லறைப் பக்கம், பழைய வாசல். எல்லாரையும் அங்க போகச் சொல்லு. நாங்க உடைக்கிறோம்.”

அவள் திரும்பி உள்ளே சொன்னாள். புகை அப்போது கூரையோரமாகத்தான் இருந்தது, முகங்கள் தெரிந்தன. ஒருத்தி பார்த்து அடுத்தவளுக்குச் சொல்ல, கூடத்தின் அந்தக் கோடிவரை சொல் போய்ச் சேர்ந்தது. என் பெரியம்மா நடுவில் இருந்தவள். அவளும் வாங்கி அனுப்பினாள்.

இவர் முற்றத்துக்கு ஓடிவந்து ஆண்களிடம் சொல்லப் பார்த்தார். சங்கின் அலறலில் யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. சட்டையைப் பிடித்து இழுத்தும் பயனில்லை. நேரே கல்லறைத் தோட்டத்துக்குப் போய், குழி வெட்டுபவர் சாத்தி வைத்திருந்த கடப்பாரையை எடுத்து, அந்த வளைவின் நடுவில் தானே குத்த ஆரம்பித்தார். தச்சர் மகன், கை மறந்திருக்கவில்லை. அதைப் பார்த்துத்தான் கொதிகலன்காரருக்கு விளங்கியது. ஆட்கள் ஓடிவந்தார்கள். முதல் செங்கல் உள்ளே விழுந்த ஓட்டையில் ஒரு கை நீண்டது.

பெண்கள் தவழ்ந்து தவழ்ந்து வெளியே வந்தார்கள். கல்லறைகளுக்கு நடுவே புல்லில் விழுந்து இருமினார்கள். குருவானவர் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். குருவி இல்லை. மறுபடி வடக்கு ஜன்னலுக்கு ஓடினார்.

அவள் அங்கேயே நின்றுகொண்டிருந்தாள். கதவை முட்டிக்கொண்டிருந்தவர்களைத் திருப்பி மேற்கே அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறாள். இப்போது புகை அவள் தோள்வரை இறங்கிவிட்டது. பின்னால் ஒன்றும் தெரியவில்லை. கொதிகலன்காரர் வந்து கடப்பாரையைக் கம்பியில் கொடுத்து நெம்பினார். கம்பி அசையவில்லை.

“குனிஞ்சு போ. சுவரைத் தொட்டுக்கிட்டே போ” என்றார் இவர்.

“வழி இல்ல ஐயா” என்றாள். கம்பி வழியாகக் கையை நீட்டினாள். இவர் பிடித்துக்கொண்டார். “எங்கம்மாவைப் பாத்துக்குங்க. அவளுக்குக் காது கேக்காது. எதிர்ல நின்னு சொல்லுங்க.”

“சொல்றேன்.”

அவர் ஜெபத்தைத் தொடங்கினார். சங்கு அலறிக்கொண்டே இருந்தது. அவர் உதட்டை அசைக்க, அவளும் கூடவே அசைத்தாள். பிறகு அவள் முகம் தெரியவில்லை. கை மட்டும் அவர் கைக்குள் இருந்தது. அதன் பிடி விட்ட பிறகும் அவர் விடவில்லை. கொதிகலன்காரர்தான் அவரைத் தூக்கிக்கொண்டு வந்தார். உள்ளங்கை இரண்டும் கம்பிச் சூட்டில் வெந்திருந்தன.

குருவியோடு இன்னும் சிலரும் போய்விட்டார்கள். மேற்குச் சுவர் வழியாகப் பிழைத்து வந்தவர்கள்தான் அதிகம். அடக்க ஆராதனையில் அவர் பிரசங்கம் செய்யவில்லை. கட்டுப்போட்ட கைகளோடு நின்று, ஒவ்வொரு குழிக்கு முன்னாலும் இறந்தவளின் பெயரை மட்டும் சொன்னார். குருவியின் தாய் எதிரில் உட்கார்ந்திருந்தாள். தன் மகளின் பெயரை அவர் உதட்டில் பார்த்ததும் அவள் எழுந்து வந்து அவர் தாடையைத் தொட்டாள்.

மரண விசாரணைக்கு முன் முதலாளி குருமனைக்கு வந்தார். கதவு பூட்டப்படவே இல்லை, கூட்டம் முட்டியதில் இறுகிக்கொண்டது என்பது அவர் தரப்பு. மேஸ்திரியும் அதையே சொன்னான். பூட்டு எதுவும் சாம்பலில் அகப்படவில்லை.

“கஷ்ட காலம் ஐயா. எல்லாருக்கும் துக்கம்தான்” என்றார் முதலாளி. “ஆனா அவ என்ன சொன்னான்னு யாருக்குத் தெரியும்? சத்தமே வரலையே. நீங்களா ஒண்ணை நினைச்சுக்கிட்டிருக்கலாம் இல்லையா?”

குருவானவர் ஏதோ சொன்னார். முதலாளிக்குக் கேட்கவில்லை. குருவானவரின் மனைவியைத் திரும்பிப் பார்த்தார்.

“‘நான் பார்த்தேன்’னு சொல்றார்” என்றார் அந்த அம்மா. பிறகு தானாகவே, “உங்களுக்குக் கேக்கலைங்கறதுக்காக அவ சொல்லாம போயிடல” என்றார்.

விசாரணை அதிகாரி குருவானவரைத் தன் மேஜைக்குப் பக்கத்திலேயே உட்கார வைத்து, அவர் சொன்னதையெல்லாம் அறைக்கு உரக்கத் திருப்பிச் சொன்னார். முதலாளியின் வக்கீல் நன்றாகத் தயார் செய்துகொண்டு வந்திருந்தார்.

“ஐயா, ‘பூட்டிட்டான்’னு ஒருத்தர் சொல்றதுக்கும் ‘மூட்டிட்டான்’னு சொல்றதுக்கும் உதட்டுல ஏதாவது வித்தியாசம் உண்டா?”

“இல்லை.”

“அப்ப யாரோ தீ மூட்டிட்டான்னுகூட அவ சொல்லியிருக்கலாம்.”

“சொல்லியிருந்தா மூக்கைத் தொட்டிருப்பா.”

அறையில் சிரிப்பு எழுந்தது. வக்கீலும் சிரித்தார். குருவானவர் சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்தார். தறிக்கூடத்தின் வழக்கத்தை அதிகாரிக்கு விளக்கினார். பிறகு கட்டுப்போட்ட கையை உயர்த்தி, குருவி செய்தது போலவே மணிக்கட்டைத் திருகிக் காட்டினார். “மூக்கைத் தொடலை. இப்படிக் காட்டினா.”

அதற்குமேல் வக்கீல் ஏதோ கேட்க வாயெடுத்தபோது, பின்னால் ஒரு நாற்காலி நகர்ந்தது. என் பெரியம்மா எழுந்து நின்றிருந்தாள். வேலை போய்விடும் என்று அதுவரை ஒருத்தியும் வாய் திறந்திருக்கவில்லை.

“எங்களுக்கும் அதையேதான் சொன்னா. ‘பூட்டிட்டான், மேற்கே போங்க’ன்னு. நான் வாங்கி அடுத்தவளுக்குச் சொன்னேன்.”

அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி எழுந்தாள். அப்புறம் எல்லோரும். மேஸ்திரி சுவரோரம் நின்றுகொண்டிருந்தவன் அப்படியே சரிந்து உட்கார்ந்து, “பூட்டச் சொன்னாங்க, பூட்டினேன்” என்று அழுதான்.

நியாயம் முழுதாகக் கிடைத்தது என்று சொல்ல முடியாது. மேஸ்திரி சிறைக்குப் போனான். பூட்டச் சொன்னது யார் என்று அவன் சொன்னாலும் அதற்குச் சாட்சி இல்லை என்று முதலாளி தப்பிவிட்டார். தறிக்கூடங்களில் வெளிப்பக்கம் திறக்கும் கதவுகள் வைக்க வேண்டும், வேலை நேரத்தில் எதையும் பூட்டக்கூடாது என்று உத்தரவு வந்தது. பெரியம்மாவையும் இன்னும் சிலரையும் மறுபடி வேலைக்குச் சேர்க்க நெடுநாள் இழுத்தடித்தார்கள். முதலாளி அதன்பின் அந்த ஆலயத்தில் கால் வைக்கவில்லை. கூரை ஒழுகியது, சபையார் கீழே தட்டுமுட்டுப் பாத்திரங்களை வைத்துச் சமாளித்தார்கள். குருவானவரை மாற்ற வேண்டும் என்று பேராயரிடம் புகார் போனது.

பேராயர் முன்னறிவிப்பு இல்லாமல் ஒரு ஞாயிறு வந்து, கடைசி வரிசையில் பெண்களோடு உட்கார்ந்தார். பிரசங்கம் நடந்தது. அன்று மனைவிக்குக் காய்ச்சல். உரக்கச் சொல்ல ஆளில்லை. சுற்றிலும் பெண்கள் ஒரு நேரம் சிரித்தார்கள், ஒரு நேரம் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். பேராயர் மட்டும் ஒரு சொல்லும் எட்டாமல் மலங்க மலங்க விழித்துக்கொண்டிருந்தார். ஆராதனை முடிந்து குருமனைக்குப் போய், காய்ச்சலில் கிடந்த அம்மாவை நலம் விசாரித்தார்.

“எனக்கு ஒண்ணுமே புரியலை அம்மா” என்றார்.

“நீங்க தறி ஓட்டினதில்லையே ஐயா” என்றார் அந்த அம்மா.

பேராயர் சிரித்துவிட்டார். மாற்றல் பேச்சு அதோடு நின்றது.

குருவியின் தாயைக் குருமனையின் பின் அறையில் கொண்டுவந்து வைத்துக்கொண்டார்கள். அவள் சாகும்வரை தினமும் காலையில் குருவானவர் எதிரில் உட்கார்ந்து ஊர்ச் செய்தி எல்லாம் சொல்வார். மகளைப் பற்றிக் கேட்டால் மகளைப் பற்றியும் சொல்வார். அந்தக் கடைசி ஜெபத்தைப் பலமுறை சொல்லச் சொல்லி அவள் பார்த்துக்கொண்டிருப்பாளாம்.

தொண்டையில் கட்டி திரும்ப வந்தது. இந்த முறை கத்தி வைக்க வேண்டாம் என்று அவரே சொல்லிவிட்டார். கடைசி மாதங்களில் கிசுகிசுப்பும் போய் வெறும் உதடுதான். பெண்கள் வேலை முடிந்து முறை வைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார்கள். மில் சண்டை, வீட்டுச் சண்டை எல்லாவற்றையும் அவரிடம் கொட்டினார்கள். அவர் பதில் சொன்னார். மனைவி ஜன்னல் திரையை விலக்கி, அவர் முகத்தில் வெளிச்சம் விழும்படி பார்த்துக்கொண்டார்.

தீயில் போனவர்களின் வரிசையில் தன்னையும் புதைக்க வேண்டும் என்று கேட்டிருந்தார். குருமார்களுக்கு ஆலய வாசலருகே தனி இடம் இருக்கிறது, முறையை மாற்ற முடியாது என்று சபைக் குழு சொல்லிவிட்டது. பெண்கள் கொதித்துப் போனார்கள். அந்த அம்மாதான் அவர்களை அடக்கினார். “விடுங்கடி. அவருக்கு எங்க படுத்தாலும் தூக்கம் வரும்” என்றார். சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

குருமனையைப் புதியவருக்கு விட வேண்டியிருந்தது. அந்த அம்மாவை அண்ணன் வீட்டுக்கு வரச் சொன்னார்கள், அவர் போகவில்லை. என் பெரியம்மா வீட்டு மாடியறையில் குடிவந்து, தெருப் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்துக்கொண்டு கடைசிவரை அங்கேயே இருந்தார்.

பெரியம்மா புதிய தறிக்கூடத்தில் தலை நரைக்கும்வரை வேலை செய்தாள். காலையில் உள்ளே நுழைந்ததும் அவள் நேரே தறிக்குப் போக மாட்டாள். மேற்குக் கோடியில் வைத்த புதுக் கதவுவரை நடந்து போய், அதைக் கையால் தள்ளித் திறந்து பார்த்துவிட்டு, அப்புறம்தான் வந்து தறியில் நூல் ஓட்டும் நாடாவைத் தொடுவாள்.